ஒரு வாசலுக்கு எத்தனை பேர்? நகர்ப்புறப் பல்கலைக்கழக விடுதி வடிவமைப்பு: ஒரு விளக்கம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சாண்டா பார்பரா பல்கலைக்கழக வளாகத்தில் 11 மாடி மாணவர் விடுதி ஒன்றுக்குத் திட்டம் போட்டார்கள். சுமார் 4,500 மாணவர்கள், ஆளுக்கு ஒரு தனி அறை. ஆனால் அந்த அறைகளில் 94 சதவீதத்துக்கு ஜன்னல் கிடையாது. பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆய்வுக் குழுவில் பல ஆண்டுகள் இருந்த கட்டடக் கலைஞர் டென்னிஸ் மெக்ஃபேடன் இதை எதிர்த்து 2021 அக்டோபரில் விலகினார். அதன் பிறகுதான் விஷயம் உலகச் செய்தி ஆனது.

செய்தியைப் படித்தவர்களிடம் இரண்டு விதமான குழப்பம் இருந்தது. ஓர் அறைக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று அடைபட்டுக் கிடப்பதைவிடத் தனி அறை மேல் அல்லவா என்று கேட்டார்கள் சிலர். ஒரு கோடீஸ்வரர் 20 கோடி டாலர் நன்கொடை தருவதாகச் சொன்ன கட்டடத்தில் ஜன்னல் வைக்கவா பணமில்லை என்றார்கள் வேறு சிலர். பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. விடுதியின் வரைபடம் கட்டில் எண்ணிக்கையில் தொடங்குகிறதா, அல்லது ஒரு ஜன்னலுக்கு, ஒரு குழாய்க்கு, ஒரு வாசலுக்கு எத்தனை பேர் என்ற கேள்வியில் தொடங்குகிறதா என்பதே அது. சென்னையில் கல்லூரி விடுதி கட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். இங்கே வெயிலும் தண்ணீரும் சேர்ந்து அதை இன்னும் இறுக்குகின்றன.

ஜன்னல் ஏன் காணாமல் போகிறது?

ஜன்னல் வைக்க வெளிச்சுவர் வேண்டும். விடுதி வடிவமைப்பில் உண்மையான தட்டுப்பாடு தரைப்பரப்புக்கு அல்ல, வெளிச்சுவருக்குத்தான். இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

1. ஒரு மாடிக்கு 3,600 சதுர மீட்டர் கட்ட அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறைக்கு வெளிச்சுவரில் 3 மீட்டர் அகலம் வேண்டும்.

2. அந்தப் பரப்பை 60 மீட்டருக்கு 60 மீட்டர் என்று சதுரமாகக் கட்டினால் சுற்றளவு 240 மீட்டர். ஜன்னலுள்ள அறைகள் 80 கிடைக்கும்.

3. அதே பரப்பை 15 மீட்டர் அகலம், 240 மீட்டர் நீளம் என்று ஒல்லியாக நீட்டினால் இரண்டு நீளப் பக்கங்களும் சேர்ந்து 480 மீட்டர். ஜன்னலுள்ள அறைகள் 160.

படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் விகிதம் மாறாது. தரைப்பரப்பு மாறாமலே, வடிவம் மாறினால் ஜன்னல் பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். சதுரக் கட்டடத்திலும் 160 அறை வேண்டும் என்று அடம்பிடித்தால் மீதி 80 அறைகள் நடுவில்தான் போய் உட்கார வேண்டும். அங்கே வெளிச்சுவர் இல்லை.

நகர வளாகத்தில் இந்தச் சிக்கல் கூடுதலாக வருவதற்குக் காரணம் நிலம். 240 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாக இடம் எந்த ஊர் நடுவில் கிடைக்கும்? இருக்கும் துண்டு நிலங்கள் சதுரமாகவோ முக்கோணமாகவோ, ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் பழைய ஆய்வுக்கூடம் என்றோ இருக்கும். நிலத்தின் வடிவத்தை அப்படியே மேலே தூக்கிக் கட்டினால் நடுப்பகுதி இருட்டாகிவிடும். அதைத் தவிர்க்க நடுவில் முற்றம் விடலாம், ஆங்கில எச், யு எழுத்து வடிவங்களில் கட்டலாம். முற்றம் விட்டால் கட்டில் குறையும். வாக்குவாதம் எப்போதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மங்கர் விடுதியில் நடந்தது

நன்கொடை தர முன்வந்தவர் பெர்க்‌ஷயர் ஹாத்வே முதலீட்டு நிறுவனத்தின் துணைத்தலைவராக இருந்த சார்லி மங்கர். சட்டம் படித்தவர், கட்டடக்கலை படித்தவர் அல்லர். தன் வடிவமைப்பையே பின்பற்ற வேண்டும் என்பது நன்கொடைக்கு அவர் வைத்த நிபந்தனை. கட்டடத்தின் மொத்தச் செலவு 150 கோடி டாலர் ஆகலாம் என்ற மதிப்பீட்டில் அவர் தருவதாகச் சொன்னது 20 கோடி. அதாவது, ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான பணம் முழு வடிவத்தையும் தீர்மானித்தது.

வடிவம் எட்டு எட்டாக அடுக்கியது. 8 அறைகள் சேர்ந்து ஒரு தொகுதி, 8 தொகுதிகள் சேர்ந்து ஓர் 'இல்லம்', 8 இல்லங்கள் சேர்ந்து ஒரு மாடி. ஆக ஒரு மாடியில் 512 பேர். தனி அறையின் அளவு 7 அடிக்கு 10 அடி, 70 சதுர அடி. ஜன்னலுக்குப் பதிலாகப் பகல் வெளிச்சம் போல நிறம் மாறும் செயற்கை விளக்குப் பலகை. டிஸ்னி சுற்றுலாக் கப்பல்களின் உள்ளறைகளில் இருக்கும் போலி ஜன்னலிலிருந்து இந்த யோசனை வந்ததாக மங்கரே சொன்னார்.

இது இடப் பஞ்சத்தால் வந்த ஏற்பாடு அல்ல. கட்டடத்தின் மொத்தப் பரப்பு சுமார் 16.8 லட்சம் சதுர அடி. 4,500ஆல் வகுத்தால் ஒரு மாணவருக்கு 370 சதுர அடிக்கு மேல் வருகிறது. சென்னையில் ஒரு சிறிய ஒற்றைப் படுக்கையறை வீட்டின் அளவு இது. இவ்வளவு இடம் இருந்தும் அறை 70 சதுர அடிதான். மிச்சமெல்லாம் பொது அறைகள், சமையலறைகள், தாழ்வாரங்கள், படிப்பறைகள். தூங்கும் அறை சின்னதாகவும் மூடியும் இருந்தால் மாணவர்கள் வெளியே வந்து ஒருவரோடு ஒருவர் பழகுவார்கள் என்பது மங்கரின் வாதம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் நன்கொடையில் 2015இல் திறந்த பட்டமேற்படிப்பு மாணவர் விடுதியிலும் பெரும்பாலான படுக்கையறைகளுக்கு ஜன்னல் இல்லை. அதையே அவர் முன்னுதாரணமாகக் காட்டினார்.

இந்த வாதத்தை ஒப்புக்கொள்ள முடியாது. பொது அறைக்கு ஆட்கள் வர வேண்டுமானால் பொது அறை நன்றாக இருக்க வேண்டும். தனி அறையை மோசமாக்கித்தான் அது நடக்கும் என்றால் அங்கே பழகுவது விருப்பத்தால் நடப்பதில்லை. காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருக்கும் மாணவனும், தேர்வில் தவறிவிட்டு யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொள்ளும் மாணவியும் இதே அறையில்தான் இருப்பார்கள். வெளியே விடிந்துவிட்டதா என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு விளக்குப் பலகைதான் உண்டு.

இதற்கு இணையான குறை வாசல். இத்தனை பேருக்கு முக்கிய நுழைவாயில்கள் இரண்டே இரண்டு என்பதை மெக்ஃபேடன் குறிப்பிட்டார். கடைசியில் 2023இல் பல்கலைக்கழகம் இந்த வடிவமைப்பைக் கைவிட்டு, வேறு கட்டடக் கலைஞர்களைத் தேடத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் மங்கர் காலமானார். இடையில் போன ஆண்டுகளின் விலையை மாணவர்கள் கொடுத்தார்கள். 5,000 படுக்கைகள் கூடுதலாகக் கட்டுவதாகப் பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டின் நீண்டகாலத் திட்டத்திலேயே உறுதி கொடுத்திருந்தது. 2021இல் இடம் கிடைக்காத மாணவர்களைத் தங்கவைக்க ஓட்டல் அறைகளை வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது.

வளைத்துக் கட்டியவர்கள்

வெளிச்சுவரை நீட்ட வழி இல்லாத இடத்தில் அதை வளைக்கலாம். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் 1949இல் கட்டி முடித்த பேக்கர் ஹவுஸ் இதற்கு நல்ல சான்று. ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்ட்டோ வடிவமைத்தது. முன்னால் போக்குவரத்து மிகுந்த சாலை, அதற்கு அப்பால் சார்லஸ் ஆறு. நேர்கோட்டில் கட்டியிருந்தால் எல்லா அறைகளும் சாலையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும். ஆல்ட்டோ கட்டடத்தைப் பாம்பு போல நெளித்தார். அதே நிலத்தில் வெளிச்சுவர் நீண்டது. பெரும்பாலான அறைகள் ஆற்றைச் சாய்வாகப் பார்க்கும்படி திரும்பின. நெளிவு காரணமாக அறைகளின் வடிவங்களும் பலவாகின. ஒன்று ஆப்புப் போல, இன்னொன்று நீளமாக. ஒரே அச்சில் வார்த்த அறைகள்தான் மலிவு என்று நினைப்பவர்கள் அந்தத் தளவரைபடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கோபன்ஹேகனில் 2006இல் திறந்த டீட்கன் விடுதி இன்னொரு வழியைக் காட்டுகிறது. வட்டமான கட்டடம், ஏழு மாடி, 360 அறைகள், நடுவில் திறந்த முற்றம். சீனாவின் ஹக்கா மக்கள் கட்டிய வட்ட வீடுகளிலிருந்து இந்த வடிவத்துக்கான யோசனை வந்தது. தூங்கும் அறைகள் எல்லாம் வெளிப்பக்கம், சமையலறையும் கூடமும் முற்றத்தின் பக்கம். ஒவ்வொரு 12 அறைகளுக்கும் ஒரு சமையலறை. எதிர்ப்பக்கச் சமையலறையில் விளக்கெரிந்து நாலு பேர் நிற்பது முற்றத்தைத் தாண்டித் தெரிகிறது. போகலாமா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். மங்கர் அறையை மூடிச் செய்ய நினைத்ததை இவர்கள் திறந்துவைத்துச் செய்கிறார்கள்.

இந்த 12 என்ற எண் முக்கியமானது. 12 பேர் என்றால் பெயர் தெரியும். பாலை யார் எடுத்தது, சிங்க்கில் பாத்திரத்தை யார் போட்டுவிட்டுப் போனது என்று கேட்க முடியும். ஒரு தாழ்வாரத்தில் 60 பேர் என்றால் அது யாருடைய தாழ்வாரமும் அல்ல. குழாய் ஒழுகினால் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் கடந்துபோவார்கள்.

சென்னையில் ஜன்னல் மட்டும் போதாது

இந்தியாவில் ஜன்னலே இல்லாத படுக்கையறையை விதிப்படி கட்ட முடியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கல்வி நிலைய விடுதிகளில் ஒருவர் தங்கும் அறைக்குக் குறைந்தது 7.5 சதுர மீட்டர் கேட்கிறது. மங்கரின் 70 சதுர அடி அறை 6.5 சதுர மீட்டர்தான், ஆகவே அளவிலேயே அது தேறாது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த தட்பவெப்பத்தில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 10 சதுர மீட்டர் அறை என்றால் ஏறக்குறைய 4 அடிக்கு நாலரை அடி.

விதியை நிறைவேற்றிய அறையும் மே மாதத்தில் வெந்துபோகலாம். காரணம் காற்றின் பாதை. ஜன்னல் வழியாக உள்ளே வரும் காற்று வெளியேற எதிர்ப்பக்கம் வழி வேண்டும். நடுவில் தாழ்வாரம், இரண்டு பக்கமும் அறை என்ற அமைப்பில் கதவைச் சாத்தினால் காற்று நின்றுவிடும். இரவு பத்து மணிக்கு நம்மூர் விடுதித் தாழ்வாரத்தில் நடந்து பார்த்தால் பாதிக் கதவுகள் திறந்தே கிடக்கும். கதவிடுக்கில் ஒரு செருப்பு, இல்லை மடித்த செய்தித்தாள். காற்றுக்காக மாணவர்கள் தங்கள் தனிமையை விட்டுக்கொடுக்கிறார்கள். கதவுக்கு மேலே சாத்தினாலும் காற்று போகும்படி ஒரு திறப்பு வைத்திருந்தால் இந்த நிலை வராது. பழைய கட்டடங்களில் அது இருந்தது. செலவைக் குறைக்கும்போது முதலில் போவதும் அதுதான்.

ஒரு பக்கம் அறை, மறுபக்கம் திறந்த தாழ்வாரம் என்பது இந்த ஊருக்கு ஏற்ற பழைய அமைப்பு. தாழ்வாரம் வெயிலையும் சாரலையும் தடுக்கும், காற்றை விடும். ஆனால் அதே எண்ணிக்கை அறைகளுக்குத் தாழ்வாரத்தின் நீளம் இரட்டிப்பாகும், நிலம் அதிகம் வேண்டும். எனவே நகர வளாகத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் செய்ய வேண்டும். இருபுறமும் அறை இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு ஏழெட்டு அறைக்கும் ஒருமுறை தாழ்வாரம் வெளியே திறக்க வேண்டும். அந்த இடைவெளியே உட்கார்ந்து பேசும் இடமாகவும் ஆகும்.

திசை விஷயம் எளிது. சென்னையில் கோடைப் பிற்பகலின் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. வெயிலின் கொடுமை மேற்குச் சுவரில். படிக்கட்டு, கழிப்பறை, பொருள் வைக்கும் அறை எல்லாம் மேற்கில் போகட்டும், தூங்குபவர்களுக்குக் கிழக்கையும் தெற்கையும் விடுங்கள்.

துணி உலர்த்தும் இடத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல வரைபடங்களில் அது இருப்பதே இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 500 பேரின் ஈரத்துணி எங்கே போகும்? ஜன்னல் கம்பியில் துண்டு, தாழ்வாரத்தில் நைலான் கயிறு, கயிற்றில் ஜீன்ஸ். ஆறில் ஒரு பங்கு என்று கணக்கிட்டு வைத்த ஜன்னலை ஈரத்துண்டு மூடிவிடுகிறது. ஒவ்வொரு மாடியிலும் கூரை போட்ட, காற்றோட்டமுள்ள ஓர் உலர்த்தும் இடம் இருந்தால் போதும்.

தண்ணீரும் காலை வரிசையும்

விதித்தொகுப்பின் கணக்குப்படி விடுதியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும். 500 மாணவர்களுக்கு 67,500 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் வாங்குவதானால் தினம் ஆறு லாரி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றியபோது சென்னை பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இது வெறும் எண் அல்ல.

இந்த 135இல் 45 லிட்டர் கழிப்பறையில் கொட்டுவதற்கு. அதற்கு நல்ல தண்ணீர் தேவையில்லை. குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் தனிக் குழாயில் பிரித்துச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கு அனுப்பினால் 500 பேர் விடுதியில் தினமும் 22,500 லிட்டர் மிச்சம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு லாரி. ஆனால் இரட்டைக் குழாய் அமைப்பை வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். கட்டி முடித்த பிறகு ஒவ்வொரு கழிப்பறைச் சுவரையும் உடைத்துக் குழாய் போடுவதை எந்த நிர்வாகமும் செய்யாது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலிருந்தே கட்டாயம் என்பதால் அதைப் பற்றிப் பெரும்பாலும் சண்டை இல்லை.

கழிப்பறைக்கு வழக்கமான அளவு ஆண்களில் 8 பேருக்கு ஒன்று, பெண்களில் 6 பேருக்கு ஒன்று. சராசரியில் இது தாங்கும். ஆனால் யாரும் சராசரியில் குளிப்பதில்லை. எட்டரை மணி வகுப்புக்கு எல்லோரும் ஏழிலிருந்து எட்டுக்குள் வருகிறார்கள். கையில் வாளி, வாளிக்குள் சோப்பு டப்பா, தோளில் துண்டு என்று நிற்கும் வரிசையைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. கழிப்பறையையும் குளியலறையையும் தனித்தனி அறைகளாகப் பிரிப்பது ஒன்று. மாடிக்கு ஒரே பெரிய கழிப்பறைக் கூடம் என்று கோடியில் கட்டாமல், ஒவ்வொரு குழுவுக்கும் பக்கத்தில் சிறியதாகக் கட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் குழாய்ச் செலவு கூடும். ஆனாலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். 12 பேர் புழங்கும் கழிப்பறை சுத்தமாக இருப்பதற்கும், 100 பேர் புழங்கும் கழிப்பறை அப்படி இல்லாமல் போவதற்கும் துப்புரவுப் பணியாளர்களைக் காரணம் சொல்வது நியாயமில்லை. பெண்கள் விடுதியில் நாப்கின் அகற்றும் ஏற்பாடு ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும் இருக்க வேண்டும். தாழ்வாரத்தின் கோடியில் ஒரே ஒரு எரிப்பான் வைப்பது காகிதத்தில் மட்டும்தான் வசதி.

மெஸ்: ஒரே கூடத்தில் எல்லோரும்

2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தொற்று வந்தது. பெரும்பாலோர் மாணவர்கள். அப்போது பல விடுதிகளுக்கும் சேர்த்து ஒரே மெஸ்தான் இயங்கியது என்பதைச் சுகாதாரத் துறை சுட்டிக்காட்டியது. அறைகள் வேறு வேறு கட்டடங்களில் இருந்தாலும், உணவுக் கூடம் ஒன்றானால் கிருமிக்கு எல்லாம் ஒரே வீடுதான்.

நோய் இல்லாத காலத்திலும் மெஸ் ஒரு நேரக் கணக்கு. ஒரு மணி நேரத்துக்குள் 500 பேர் சாப்பிட வேண்டும், ஒருவர் 20 நிமிடம் உட்காருவார் என்றால் மூன்று பந்தி. சுமார் 170 இருக்கைகள் போதும். ஆனால் வரிசை இருக்கைக்காக நிற்பதில்லை, பரிமாறும் இடத்திலும் கை கழுவும் இடத்திலும் நிற்கிறது. இட்லி அன்றைக்கு வரிசை ஓடும், ஏனென்றால் இட்லி முன்பே வெந்து காத்திருக்கும். தோசை அன்றைக்கு வரிசை படிக்கட்டு வரை வரும், ஏனென்றால் தோசை கல்லில் இருந்து ஒவ்வொன்றாக வர வேண்டும். சமையல்காரரிடம் வாராந்திர உணவுப் பட்டியலைக் கேட்காமல் பரிமாறும் மேடையின் நீளத்தை முடிவு செய்யக் கூடாது.

வாசல்கள் சமூகத்தைப் பற்றியும் பேசுகின்றன. 2018 டிசம்பரில் அதே ஐஐடியின் ஒரு மெஸ்ஸில், சைவம் சாப்பிடுபவர்களுக்கும் அசைவம் சாப்பிடுபவர்களுக்கும் தனித்தனி நுழைவாயில், தனித்தனி கை கழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அது நீக்கப்பட்டது. சமையல் பாத்திரத்தைப் பிரிப்பது உணவுப் பழக்கம். நுழையும் கதவைப் பிரிப்பது வேறு. சாதி பார்த்துத் திண்ணையையும் குவளையையும் பிரித்த ஊரில், வரைபடத்தில் இரண்டாவது வாசல் எதற்கு என்று கேட்க வேண்டிய கடமை கட்டடக் கலைஞருக்கு உண்டு.

படிக்கட்டு, பூட்டு, 18.30 மீட்டர்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன் படி 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அது அடுக்குமாடி உயரக் கட்டடம். அதன்பின் சுற்றிலும் விட வேண்டிய காலியிடம், தீயணைப்பு ஏற்பாடு, அனுமதிக்கும் அதிகாரம் எல்லாம் மாறும். வாகன நிறுத்தத்துக்கு மேல் ஐந்து மாடி என்று பல கட்டடங்கள் நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம். நிலம் குறைந்த வளாகத்தில் இந்த எல்லைக்குள் நிற்பதா, தாண்டுவதா என்பது முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு. ஒன்றிரண்டு மாடிக்காகத் தாண்டினால் லாபம் காலியிடத்திலேயே போய்விடும். தாண்டுவதானால் நன்றாகத் தாண்ட வேண்டும்.

தங்கும் கட்டடத்தில் எந்த அறையிலிருந்தும் பாதுகாப்பான படிக்கட்டை 30 மீட்டருக்குள் அடைய வேண்டும் என்கிறது தேசிய விதித்தொகுப்பு. படிக்கட்டுகள் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்று தள்ளியும் இருக்க வேண்டும். கட்டும்போது இது நடந்துவிடுகிறது. பிறகு நடப்பதுதான் ஆபத்து. பாதுகாப்பு என்ற பெயரில் இரண்டாவது படிக்கட்டின் கம்பிக் கதவுக்குப் பூட்டு விழுகிறது. அதன் சாவி வார்டனிடம், வார்டன் ஊருக்குப் போயிருக்கிறார். பெண்கள் விடுதிகளில் இது இன்னும் மோசம். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்து ஏற்பட்ட தீயில் 2 பெண்கள் உயிரிழந்தார்கள். விடுதியில் ஒரு சிறு தீ எத்தனை நிமிடத்தில் கைமீறும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும், வெளியிலிருந்து வர முடியாத கதவுகள் சந்தையில் கிடைக்கின்றன. திறந்தால் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். பூட்டுக்கு அவசியமே இல்லை.

வளாகம் கட்டாவிட்டால் நகரம் கட்டும்

பல்கலைக்கழகம் கட்டாத படுக்கைகள் காற்றில் கரைந்துவிடுவதில்லை, சுற்றியுள்ள தெருக்களுக்குப் போகின்றன. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் இருக்க, பக்கத்துத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் பெருகியதில் வெளியூர் மாணவர்களுக்கும் பங்குண்டு. பிரம்மச்சாரிகளுக்கு வீடு தராத ஊரில் படிக்கவும் வேலை தேடவும் வந்தவர்கள் அந்தச் சின்ன அறைகளில்தான் தங்கினார்கள். இப்போது அந்த இடத்தைப் பிஜி விடுதிகள் பிடித்திருக்கின்றன. 2024 ஜூனில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், கல்வி நிலையங்களுக்கு வெளியே உள்ள விடுதிகளிலும் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாள்களுக்குக் குறையாமல் தங்கினால் வரிவிலக்கு என்று பரிந்துரைத்தது. வளாகத்துக்கு வெளியே தங்கும் மாணவர்கள் இத்தனை பேர் என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

கட்ட முனைந்தாலும் அக்கம்பக்கம் எதிர்க்கும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், 1969 போராட்டத்தால் பெயர் பெற்ற மக்கள் பூங்கா நிலத்தில் சுமார் 1,100 மாணவர்களுக்கு விடுதி கட்டப் பல்கலைக்கழகம் முயன்றது. மாணவர்கள் எழுப்பும் சத்தத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராய்ந்திருக்க வேண்டும் என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மாநிலம் தன் சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தி, குடியிருப்பில் மனிதர்கள் எழுப்பும் சத்தம் அந்தச் சட்டத்தின்படி பாதிப்பு ஆகாது என்றது. 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் கட்டுமானத்துக்கு வழிவிட்டது. இளைஞர்கள் பேசும் ஓசையை மாசு என்று வகைப்படுத்த முடியுமா என்று ஒரு மாநிலமே ஓராண்டு வாதாட வேண்டியிருந்தது. சத்தத்தை வடிவமைப்பிலேயே கவனித்தால் இந்தச் சண்டையில் பாதி குறையும். மெஸ், விளையாட்டுக் கூடம், வாகன நிறுத்தம் ஆகியவை முற்றத்தின் பக்கமோ பெருஞ்சாலையின் பக்கமோ இருக்கட்டும். குடியிருப்புத் தெருவை நோக்கிப் படிப்பறைகள் வரட்டும்.

மூன்றாவது கட்டில்

மேலே சொன்ன கணக்கெல்லாம் அறைக்கு இரண்டு பேர் என்று தீர்மானித்துக் கட்டிய விடுதியில் சரியாகவே இருக்கும். சில ஆண்டுகளில் புதிய பாடப்பிரிவு தொடங்குகிறார்கள், சேர்க்கை கூடுகிறது, புதிய விடுதிக்கு நிதி வரவில்லை. அறைக்கு ஒரு கட்டில் கூடுதலாகப் போடுங்கள் என்று சுற்றறிக்கை வருகிறது. ஒரே ஒரு கட்டில்தானே என்று தோன்றும். அது வரும்போது என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள்:

1. 8 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது 12 பேருக்கு ஒன்றாகிறது.

2. தொட்டியின் அளவு மாறாததால் ஒருவருக்கு 135 லிட்டர் என்பது 90 ஆகிறது.

3. மெஸ்ஸில் மூன்று பந்தி நாலரைப் பந்தியாகிறது, கடைசியில் வருபவர்கள் சாப்பிடாமல் வகுப்புக்கு ஓடுகிறார்கள்.

4. மின்சுற்று இரண்டு பேரின் மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் கணக்கிட்டது. மூன்றாமவர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குகிறார். அதிலிருந்து இன்னொன்று.

இதற்குத் தடுப்பு கட்டடத்துக்குள்ளேயே இருக்க முடியும். கட்டில், மேசை, அலமாரி மூன்றையும் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்காது. நிர்வாகங்கள் இதை விரும்புவதில்லை, பிற்காலத்தில் தேவைப்படும் என்கிறார்கள். அந்தத் தேவை எப்படி வரும் என்பது தெரிந்துதான் சொல்கிறார்கள்.

இரண்டு பேருக்கு வரைந்த அறையில் கதவுப் பக்கம் இடம் விட வேண்டும், இரு பக்கச் சுவரிலும் ஏற்கெனவே கட்டில் இருக்கிறது. மூன்றாவது கட்டில் ஜன்னலடியில்தான் விழும். அதன் தலைமாட்டுக் கம்பி ஜன்னல் கதவில் இடிக்கும், கதவு பாதிக்கு மேல் திறக்காது.